ஜலதோஷத்துக்கு ஆன்டிபாடி ஊசி: எந்த வைரஸுக்கு உண்டு, எதற்கு இல்லை?

#1 கேள்விக்குறி

குடும்ப வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: "ஜலதோஷத்துக்கு ஒரே ஊசி. போட்டால் ஐந்து மாதம் சளியே பிடிக்காது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கே போடுகிறார்கள். இங்கே மறைக்கிறார்கள்."

கடைசி வரியை விடுங்கள், அது எல்லா ஃபார்வர்டுக்கும் பொதுவான வால். முன்னால் உள்ள மூன்றில் எது உண்மை? ஜலதோஷ வைரஸுக்கு ஆன்டிபாடி (கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம்) மருந்து என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? இருந்தால் பெரியவர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை?

#2 நுண்ணோக்கி

ஊசி உண்மை. ஐந்து மாதம் உண்மை. பிறந்த குழந்தைக்குப் போடுவதும் உண்மை. "ஜலதோஷத்துக்கு" என்ற முதல் சொல்தான் புளுகு.

ஜலதோஷம் ஒரே வைரஸின் கைவரிசை கிடையாது. ரைனோவைரஸ்தான் பெரும்பங்கு. அதிலேயே ஏ, பி, சி என மூன்று இனம், மொத்தம் 160க்கும் மேல் வகைகள். அது போக 229இ, ஓசி43, என்எல்63, ஹெச்கேயு1 என்ற நான்கு பழைய கொரோனாக்கள், பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோ, மெட்டாநிமோ, கடைசியாக ஆர்எஸ்வி (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்). இந்தக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்ற ஆன்டிபாடி ஊசி இருப்பது ஆர்எஸ்விக்கு மட்டும்.

வளர்ந்தவருக்கு ஆர்எஸ்வி வந்தால் பெரும்பாலும் மூக்கொழுகலோடு போய்விடும். கைக்குழந்தைக்கு அதே வைரஸ் மூக்கிலிருந்து நுரையீரலின் நுண்குழாய் வரை இறங்கும். குழாயே மயிரிழை அகலம். சளியும் உதிர்ந்த செல்லும் அடைத்தால் காற்று போக வழியில்லை. 2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 1 லட்சம் சாவு, 36 லட்சம் மருத்துவமனைச் சேர்க்கை. சாவில் 97 சதவீதத்துக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்.

இதற்கு இதுவரை ஒப்புதல் பெற்ற மோனோக்ளோனல்கள் (ஆய்வகத்தில் ஒரே அச்சாகச் செய்த ஆன்டிபாடிகள்) மூன்று: பாலிவிசுமாப் (1998), நிர்செவிமாப் (ஐரோப்பாவில் 2022, அமெரிக்காவில் ஜூலை 2023), கிளெஸ்ரோவிமாப் (அமெரிக்கா, ஜூன் 2025). பெயர் வாயில் நுழையவில்லை என்றால் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'மாப்' என்றால் மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதற்கு முன்னால் வரும் 'வி' வைரஸைக் குறிக்கும்.

#3 வடமராட்சியான்

எங்கட பாடப்புத்தகத்தில ஆன்டிபாடி எண்டால் பிறபொருளெதிரி. ஜலதோஷம் எண்டால் தடிமன். சொல் எதுவாகவும் இருக்கட்டும், விசயம் இதுதான்: ரைனோவுக்கு ஏன் சரிவரேல்லை எண்டதை விளங்கிக்கொண்டால் ஆர்எஸ்விக்கு ஏன் சரிவந்தது எண்டது தானா விளங்கும்.

பிறபொருளெதிரி வைரஸின்ர மேற்பரப்பில ஒரு குறிப்பிட்ட வடிவத்தைப் பிடிக்கும். ரைனோவின்ர கோதில வெளியில துருத்திக்கொண்டு நிக்கிற பகுதிகள்தான் பிறபொருளெதிரிக்கு எட்டும். அந்தப் பகுதிகள்தான் வகைக்கு வகை மாறும். கலத்தை (செல்லை) பிடிக்கிற இடமோ ஒரு பள்ளத்துக்குள்ள இருக்கு. 1985இல ரைனோ 14இன்ர படிக அமைப்பை ரொஸ்மான் குழு வெளியிட்டபோது அதை 'கன்யன்' எண்டு பேர் வைச்சினம். பிறபொருளெதிரியின்ர பருமனுக்கு அந்தப் பள்ளத்தின்ர அடி வரைக்கும் போறது கடினம். ஆகவே ஒரு வகைக்குச் செய்தது மற்ற வகைக்கு உதவாது. 2016இல குரங்குகளுக்கு 50 வகையைக் கலந்து ஒரு தடுப்பூசி குடுத்துப் பார்த்தவை, எதிர்ப்பும் வந்தது. ஆனால் அதே வேலையை மோனோக்ளோனலில செய்யிறதெண்டால் வகைக்கு ஒண்டாக் கலக்கவேணும். தடிமனுக்கு ஆர் அந்தக் காசு குடுப்பினம்?

ஆர்எஸ்வியில ஏ, பி எண்டு ரெண்டே பிரிவு. கலத்தோட ஒட்டி உள்ள போக உதவுற எஃப் புரதம் ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒண்டு.

#4 கேள்விக்குறி

வைரஸ்தான் 160 வேஷம் போடுகிறது, சரி. அது நுழையும் கதவு நம் செல்லில்தானே இருக்கிறது? அந்தக் கதவை ஆன்டிபாடியால் மூடினால் எல்லா வேஷமும் வெளியே நிற்காதா?

#5 நுண்ணோக்கி

நல்ல கேள்வி. 1980களிலேயே முயன்றுவிட்டார்கள். ரைனோ வகைகளில் பெரும்பாலானவை ஐகேம்-1 என்ற ஏற்பியைப் பிடித்து நுழைகின்றன. அந்த ஏற்பியை மறைக்கும் எலி ஆன்டிபாடியைத் தன்னார்வலர்களின் மூக்கில் விட்டு, பிறகு வைரஸையும் விட்டார்கள். 1988இல் வந்த முடிவு: தொற்றும் அறிகுறியும் ஓரிரு நாள் தள்ளிப்போயின, ஆனால் தடுக்கப்படவில்லை. காரணம் லேசானது. மூக்கின் மயிரிழைச் செல்கள் சளிப்படலத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. விட்ட மருந்து சீக்கிரமே தொண்டைக்குள் இறங்கி வயிற்றுக்குப் போய்விடும். மூடிய கதவு திரும்பத் திறந்துகொள்ளும்.

அடுத்து கதவை மூடாமல், போலிக் கதவுகளை மூக்கில் மிதக்கவிட்டார்கள். டிரெமகாம்ரா என்ற கரையும் ஐகேம்-1. 1999இல் வந்த ஆய்வில் அறிகுறி நன்றாகவே குறைந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை மூக்கில் போட வேண்டும். ஜலதோஷத்துக்கு ஆறு வேளை மருந்து போடும் பொறுமை யாருக்கு இருக்கிறது? சந்தைக்கு வரவில்லை.

இன்னொரு சிக்கல்: எல்லா ரைனோவும் அந்தக் கதவால் வருவதில்லை. சில வகைகள் எல்டிஎல் ஏற்பி வழியாக வரும். சி இனம் சிடிஹெச்ஆர்3 வழியாக. ஒரு கதவை அடைத்தால் இன்னும் இரண்டு திறந்தே கிடக்கும்.

#6 குழந்தைவார்டு

மேலே யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆர்எஸ்வி ஆன்டிபாடி மூன்றுமே *தடுப்புக்கு* மட்டும். குழந்தை ஏற்கெனவே மூச்சு இளைத்துக்கொண்டு, நெஞ்சு உள்ளிழுத்து, பால் குடிக்காமல் வார்டுக்கு வந்த பிறகு இந்த ஊசிக்கு வேலை இல்லை. "ஊசி இருக்காமே, போடுங்க டாக்டர்" என்று பெற்றோர் கேட்பார்கள். போட்டால் பணம்தான் கரையும்.

ஊகம் இல்லை, செய்து பார்த்தவை. 1990களில் செயற்கைச் சுவாசத்தில் இருந்த குழந்தைகளுக்குப் பாலிவிசுமாப்பை இரத்தநாளத்தில் கொடுத்தார்கள். மூச்சுக்குழாயில் வைரஸ் அளவு குறைந்தது. வென்டிலேட்டர் நாள் குறையவில்லை. கத்தாரின் தோஹாவில் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்ததிலும் பலன் இல்லை. ஒட்டக இன விலங்குகளில் உள்ள சிறிய வகை ஆன்டிபாடியிலிருந்து செய்த ஏஎல்எக்ஸ்-0171 என்ற நெபுலைசர் மருந்து நேராக நுரையீரலுக்கே போனது. அங்கேயும் இதே கதை: வைரஸ் சீக்கிரம் விழுந்தது, குழந்தை சீக்கிரம் தேறவில்லை.

நாள்கணக்கைப் பாருங்கள். தொற்றி 4 முதல் 6 நாள் கழித்து மூக்கொழுகல். அதற்கு மேல் 2, 3 நாள் கழித்துத்தான் இளைப்பு. நம்மிடம் வரும்போது வைரஸ் உச்சத்தைத் தொட்டிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். அப்போது குழாயை அடைப்பது உதிர்ந்த செல், நீர்க்கோர்ப்பு, வெள்ளணுக் குவியல். இவற்றை ஆன்டிபாடி தொடாது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை பழைய மூன்றுதான்: மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, நீர்ச்சத்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன். சால்புட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து), ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மூன்றும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014லேயே எழுதிவிட்டது. நம் ஊரில் மூன்றும் ஒரே சீட்டில் வருகின்றன, அது வேறு இழைக்கான சண்டை.

#7 மருந்தியல் மாணவி

ஒரு மறுப்பு. கோவிட் நேரத்தில் மோனோக்ளோனல்கள் நோய் வந்த பிறகுதானே கொடுக்கப்பட்டன? பலனும் இருந்ததே. அப்படியிருக்க "ஆன்டிபாடி என்றாலே தடுப்புக்கு மட்டும்" என்பது சரியா?

#8 குழந்தைவார்டு

"ஆர்எஸ்வி ஆன்டிபாடி" என்றுதான் எழுதினேன், ஆனாலும் மறுப்பு நியாயமானது. கோவிடில் கொடுத்தது அறிகுறி தொடங்கிய முதல் சில நாளில், மருத்துவமனைக்கு இன்னும் போகாத, ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களுக்கு. பரிசோதனை செய்துகொள்ள எல்லோரும் முதல் நாளே ஓடினார்கள், அதனால் மருந்து கொடுக்க நேரம் இருந்தது. ஏற்கெனவே மருத்துவமனையில் படுத்தவர்களுக்குப் பாம்லானிவிமாப் என்ற கோவிட் மோனோக்ளோனலைக் கொடுத்த ஆய்வில் அங்கேயும் பலன் கிடைக்கவில்லை. கைக்குழந்தையின் முதல் நாள் மூக்கொழுகலுக்கு யாரும் பிசிஆர் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஆர்எஸ்விக்கு அந்தக் கட்டத்தில் கொடுக்க ஒப்புதல் பெற்ற ஆன்டிபாடி இல்லை.

#9 நுண்ணோக்கி

கோவிட் இன்னொரு பாடத்தையும் திரும்பச் சொன்னது. பாம்லானிவிமாப்பைத் தனியாகக் கொடுக்கும் அவசர அனுமதியை அமெரிக்கா ஏப்ரல் 2021லேயே திரும்பப் பெற்றது. வைரஸ் திரிந்து தப்பித்துவிட்டது. ஆர்எஸ்விக்காரர்களுக்கு அது புதிதில்லை. சுப்டாவுமாப் என்ற மருந்து குறைமாதக் குழந்தைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் மூன்றாம் கட்டச் சோதனையில் இருந்தபோதே, சுற்றிக்கொண்டிருந்த ஆர்எஸ்வி பி முழுக்க எஃப் புரதத்தில் 172, 173 என்ற அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிக்கொண்டுவிட்டது. ஏ பிரிவில் மருந்து வேலை செய்தது, பி பிரிவில் பிடியே கிடைக்கவில்லை. 2017இல் திட்டத்தை மூடினார்கள். ஒரே இடத்தைப் பிடிக்கும் எந்த மருந்துக்கும் தலைக்கு மேல் இந்தக் கத்தி தொங்கும். நிர்செவிமாப் போட்ட பிறகும் தொற்றிய குழந்தைகளில், பி பிரிவில் அபூர்வமாக எதிர்ப்புத் திரிபுகள் தென்பட்டிருக்கின்றன. கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள்.

#10 வடமராட்சியான்

பழைய கதையில கொஞ்சம் சொல்லவேணும், இல்லாட்டி ஒரு ஊசி ஐஞ்சு மாதம் நிக்கிறது மாயம் போலத் தெரியும்.

1960களில ஃபோர்மலினால கொன்ற ஆர்எஸ்வியைத் தடுப்பூசியாக் குடுத்தவை. போட்ட கைக்குழந்தைகளுக்குப் பிறகு தொற்று வந்தபோது நோய் குறையேல்லை, கூடிப்போச்சு: தொற்றினவையில 80 சதவீதம் பேர் மருத்துவமனையில, ரெண்டு குழந்தை செத்தும் போச்சு. அதுக்குப் பிறகு குழந்தைகளுக்கான தடுப்பூசி எண்டாலே எல்லாருக்கும் பயம். உடம்பைக்கொண்டு செய்விக்காமல் செய்து முடிச்ச பிறபொருளெதிரியைக் குடுப்பம் எண்ட யோசனை வலுத்தது அந்தப் பயத்திலதான்.

முதல் மருந்து 1996இல ரெஸ்பிகாம். குருதிக் கொடையாளரிட்ட இருந்து எடுத்த, ஆர்எஸ்வி எதிர்ப்புக் கூடின இம்யூனோகுளோபுலின். கிலோவுக்கு 750 மில்லிகிராம், அதாவது 15 மில்லிலீற்றர், மாதாமாதம் நாளத்தில மணிக்கணக்கா ஏத்தவேணும். 4 கிலோ குழந்தைக்கு ஒருமுறைக்கு 60 மில்லிலீற்றர்! இருதய நோயுள்ள நீலக்குழந்தைகளுக்கு அது ஆபத்தாவும் முடிஞ்சது.

பாலிவிசுமாப் வந்து அதை 15 மில்லிகிராமாக் குறைச்சுது, தசையில போடலாம். 1,502 குழந்தைகளில செய்த சோதனையில மருத்துவமனைச் சேர்க்கை 10.6 சதவீதத்தில இருந்து 4.8க்கு இறங்கினது. அதைக் கூர்தீட்டி மோட்டாவிசுமாப் எண்டு செய்தவை. ஆய்வுகூடத்தில பத்து மடங்குக்கும் மேல பலம். குழந்தைகளில பழையதை விடப் பெரிசா ஒண்டும் கூடேல்லை, தோல் ஒவ்வாமைதான் கூடினது. 2010இல அமெரிக்கா ஏற்கேல்லை.

திருப்பம் 2013. எஃப் புரதம் கலத்தோட இணைய முதல் ஒரு வடிவம், இணைஞ்ச பிறகு இன்னொரு வடிவம். முதல் வடிவத்தின்ர உச்சியில மட்டும் இருக்கிற ஒரு இடத்தை டி25 எண்ட பிறபொருளெதிரி பிடிக்கிறதை அமைப்போட காட்டினவை. அந்த இடத்துக்குச் 'சுழியம் தளம்' எண்டு பேர். நிர்செவிமாப் டி25இன்ர பிள்ளை.

ஐஞ்சு மாதம் நிக்கிறது வேற தந்திரம். ஐஜிஜியின்ர (குருதியில ஓடுற பிறபொருளெதிரி வகை) வாலில மூண்டு அமினோ அமிலத்தை மாத்தியிருக்கினம் (252, 254, 256). குருதிநாளச் செல்லுக்குள்ள உறிஞ்சப்படுற ஐஜிஜியை, எஃப்சிஆர்என் எண்ட ஏற்பி அமிலச் சூழலில பிடிச்சு, அழியவிடாமல் திருப்பி வெளியில விடும். மாத்தின வால் அந்த ஏற்பியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சாதாரண ஐஜிஜி மூண்டு கிழமையில (வாரத்தில) பாதியாகும். இது ஏறக்குறைய 70 நாள்.

#11 மருந்துப்பெட்டி

இனி கைக்கு வருவோம். அளவில்தான் தவறு நடக்கிறது.

பாலிவிசுமாப்: கிலோவுக்கு 15 மி.கி., ஆர்எஸ்வி பரவும் சீசனில் மாதம் ஒன்று, அதிகபட்சம் 5. குப்பியில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. குழந்தை 6.2 கிலோ என்றால் 93 மி.கி., 0.93 மில்லி, 100 மி.கி. குப்பி ஒன்று போதும். அடுத்த மாதம் 7.4 கிலோ ஆகிவிட்டால் 111 மி.கி., 1.11 மில்லி. இப்போது 100 ஒன்று, 50 ஒன்று உடைக்க வேண்டும். ஒரு மில்லியைத் தாண்டுவதால் இரண்டு இடமாகப் பிரித்துப் போட வேண்டும். பதனப்பொருள் கிடையாது, மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. போன மாத எடையை வைத்து இந்த மாத டோஸ் போடுவதும், ஒரு மாதம் தவறவிடுவதும்தான் இதில் பாதுகாப்பு ஓட்டையாகும் இரண்டு இடம்.

நிர்செவிமாப்: 5 கிலோவுக்குக் கீழே 50 மி.கி. (அரை மில்லி, ஊதா நிற உந்துதண்டு). 5 கிலோவும் அதற்கு மேலும் 100 மி.கி. (ஒரு மில்லி, இளநீல உந்துதண்டு). பார்க்க வேண்டியது ஊசி போடும் நாளின் எடை, பிறந்த எடை இல்லை. ஆபத்து நீடிக்கும் குழந்தைகளுக்கு இரண்டாம் சீசனில் 200 மி.கி., இரண்டு 100ஆக வெவ்வேறு இடத்தில்.

கிளெஸ்ரோவிமாப்: எடை எதுவானாலும் 105 மி.கி., 0.7 மில்லி. இதன் சௌகரியமே அதுதான்.

சேமிப்பு: 2 முதல் 8 டிகிரி, அட்டைப்பெட்டிக்குள்ளேயே, உறையக் கூடாது, குலுக்கக் கூடாது. நிர்செவிமாப் வெளியே எடுத்தால் 8 மணி நேரத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் குப்பை. ஃப்ரீசர் பக்கத்துச் சுவரை ஒட்டி வைத்த பெட்டிதான் முதலில் உறையும், புரதம் கட்டிப்போய்விடும். மருந்து தெளிவாகவோ லேசான பால்நிறச் சாயலோடோ, நிறமின்றியோ மஞ்சளாகவோ இருக்கலாம். கலங்கலோ துகளோ தெரிந்தால் போடாதீர்கள்.

#12 தாதி

ஊசி முனையில் நடக்கும் தவறுகளைச் சேர்க்கிறேன். நிர்செவிமாப் முன்நிரப்பிய சிரிஞ்சாக வரும், ஊசி தனியாக மாட்ட வேண்டும். சிரிஞ்சின் கழுத்தில் உள்ள திருகுப் பகுதியைப் பிடித்துக்கொண்டு மூடியை இடப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். பலர் உடலையோ உந்துதண்டையோ பிடித்துத் திருகுவார்கள். ரப்பர் அடைப்பு நகர்ந்து மருந்து சிந்தும். அரை மில்லியில் நான்கு சொட்டு போனாலே பெரிய பங்கு. ஊசியை வலப்பக்கம் லேசான தடை தெரியும் வரை திருகுங்கள். உறையை நேராக இழுங்கள், அப்போதும் உந்துதண்டைத் தொடாதீர்கள்.

இடம்: தொடையின் முன்-வெளிப்பக்கம். பிட்டத்தில் வேண்டாம், இடுப்பு நரம்பு ஆபத்து. பச்சிளம் குழந்தைக்கு 16 மி.மீ. ஊசி போதும், மாதக்கணக்கு ஆனவர்களுக்கு 25 மி.மீ. இரத்தத் தட்டணு குறைவோ இரத்தக்கசிவுக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தசையில் குத்தாதீர்கள்.

இன்னொரு பெரிய குழப்பம் பெட்டி மாறுவது. பெரியவர்களுக்கான ஆர்எஸ்வி *தடுப்பூசியை* கைக்குழந்தைக்குப் போட்ட சம்பவங்கள் அமெரிக்காவில் நடந்து, அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஜனவரி 2024இல் எச்சரிக்கை விட்டது. ஃப்ரிட்ஜில் "ஆர்எஸ்வி" என்று ஒரே தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினால் இது நடக்கும். தட்டைப் பிரியுங்கள்.

#13 கேள்விக்குறி

நன்றி, ஃபார்வர்டுக்குப் பதில் எழுத ஆரம்பித்துவிட்டேன். மூன்று சந்தேகம். கர்ப்பத்தில் தாய்க்கு ஆர்எஸ்வி தடுப்பூசி போட்டிருந்தால் குழந்தைக்கும் வேண்டுமா? எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) போன்றவற்றைத் தள்ளிப்போட வேண்டுமா? எந்த மாதத்தில் போடுவது?

#14 குழந்தைவார்டு

தாய்க்கு அமெரிக்காவில் கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் ஒரு டோஸ். போட்டு 14 நாள் கழித்துக் குழந்தை பிறந்தால் பெரும்பாலும் ஆன்டிபாடி வேண்டாம். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே போயிருக்கும். 14 நாளுக்குள் பிறந்தால் போட வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்பதே பொது விதி.

எம்எம்ஆரைத் தள்ள வேண்டாம். இது ஆர்எஸ்வியை மட்டும் பிடிப்பது. மற்றத் தடுப்பூசிகளோடு அதே நாளில் வேறு இடத்தில் போடலாம். குழப்பம் ரெஸ்பிகாம் காலத்து மிச்சம். அதில் ஊரார் ஆன்டிபாடி எல்லாம் கலந்திருந்தது, தட்டம்மை ஆன்டிபாடியும் சேர்த்து. அதனால் எம்எம்ஆருக்கு 9 மாதம் பொறுக்க வேண்டியிருந்தது.

மாதம்: அமெரிக்காவின் பெரும்பகுதியில் அக்டோபர் முதல் மார்ச் வரை, அந்தக் காலத்தில் பிறந்தால் முதல் வாரத்திலேயே, அதற்கு முன் பிறந்து 8 மாதம் நிறையாதவர்களுக்கு சீசன் தொடக்கத்தில். இந்த அட்டவணையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். வட இந்தியாவில் ஆர்எஸ்வி குளிரோடு ஏறும், தெற்கே மழையை ஒட்டி ஏறும். ஐந்து மாத மருந்தைத் தவறான மாதத்தில் போட்டால் பாதியை வீணடிப்பீர்கள்.

செயற்கை இதய-நுரையீரல் இயந்திரத்தில் வைத்து இதய அறுவை நடந்தால் ஆன்டிபாடி கழுவப்பட்டுவிடும். முதல் சீசனில் நிர்செவிமாப் போட்டு 90 நாளுக்குள் அறுவை என்றால், அன்றைய எடைக்கேற்ற முழு டோஸ் மறுபடி. 90 நாள் தாண்டியிருந்தால் எடை எதுவானாலும் 50 மி.கி. வெளியூர் மையத்தில் அறுவை முடிந்து வரும் குழந்தைகளுக்கு இது அடிக்கடி விட்டுப்போகும்.

பலன் எண்ணும் கேட்பீர்கள்: பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியில் 8,058 குழந்தைகளில் நடந்த ஆய்வில், ஆர்எஸ்வியால் மருத்துவமனையில் சேர்வது 83 சதவீதம் குறைந்தது. ரைனோவால் வரும் மூக்கொழுகலை அது ஒரு சதவீதமும் குறைக்காது. ஊசி போட்ட அடுத்த வாரமே சளி பிடித்தால் "ஊசி தோற்றுவிட்டது" என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க.

#15 மருந்தியல் மாணவி

ஒரு கிளைக் கேள்வி. பிறவியிலேயே ஆன்டிபாடி உற்பத்தி இல்லாதவர்களுக்கு மாதாமாதம் ஐவிஐஜி (கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிக் கலவை) ஏற்றுகிறார்களே, அதில் ரைனோ ஆன்டிபாடியும் இருக்கும்தானே? அவர்களுக்கு ஜலதோஷம் வராதா?

#16 நுண்ணோக்கி

வரும். மற்றவர்களை விட நீளமாகவும் வரும். 3, 4 வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. ஏற்றினால் நிமோனியா போன்ற பெரிய பாக்டீரியா தொற்றுகள் நன்றாகக் கட்டுப்படும். ஆனால் ஏற்றுவது ஐஜிஜி. மூக்கின் காவல் ஐஜிஏ என்ற இன்னொரு ஆன்டிபாடி வகை. அது அந்தப் புட்டியில் இல்லை என்றே சொல்லலாம், இருந்தாலும் இரத்தத்திலிருந்து மூக்குப் படலத்துக்கு உரிய வழியில் போய்ச் சேராது. அதனால் சிலருக்கு ரைனோ வாரக்கணக்கில் மூக்கில் குடியிருக்கும்.

#17 தாதி

மருந்துப்பெட்டி, ஒரு நடைமுறைக் கேள்வி. குழந்தை 5.6 கிலோ. ஃப்ரிட்ஜில் 100 மி.கி. சிரிஞ்சு தீர்ந்துவிட்டது, ஊதா 50 மட்டும் நிறைய இருக்கிறது. இரண்டு 50 போடலாமா?

#18 மருந்துப்பெட்டி

மருந்தளவில் தப்பில்லை, 100 ஆகிவிடும். ஆனால் 2023 அக்டோபரில் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைத் தவிர்க்கச் சொன்னது: நீங்கள் உடைக்கும் இரண்டு ஊதாவும், 5 கிலோவுக்குக் கீழே உள்ள இரண்டு சின்னக் குழந்தைகளுடையவை. காப்பீட்டிலும் இரண்டு டோஸாகப் பதிவாகிச் சிக்கலாகும். 100க்கு ஆர்டர் போட்டு இரண்டு நாளில் கூப்பிடுங்கள். வரும் நாளில் மறுபடி எடை பாருங்கள்.